மயில் கழுத்துக்கு எண் உண்டா? பம்பாய் அச்சுக் கற்கள் முதல் நிறவெளி வரை

தாராவியில் நான் தொடங்கிய களப்பணியின் முதல் வாரம் முழுவதும் வீணாயிற்று. மும்பைத் தமிழர் பச்சைக்கும் நீலத்துக்கும் இடையே எங்கே கோடு கிழிக்கிறார்கள், அந்தக் கோட்டின் இருபுறமும் என்னென்ன சொற்களை வழங்குகிறார்கள் என்பதை அறிவது நோக்கம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பட்டுப்புடவைகளையும் ரவிக்கைத் துணிகளையும் படமெடுத்து, ஒரே நிறம் நிறைந்த பகுதியை மட்டும் வெட்டி, அட்டைகளாக அச்சிட்டு எடுத்துச் சென்றேன். அவற்றுள் ஒன்று மயில் கழுத்து. கடையில் அப்பெயரைச் சொல்லித்தான் துணியை விரித்துக் காட்டினார்கள்.

தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில், திருநெல்வேலிப் பக்கமிருந்து சிறுமியாக வந்து அங்கேயே முதுமை எய்திய ஓர் அம்மையாரிடம் அந்த அட்டையை நீட்டினேன். "இது பாசி" என்றார். அடுத்த வீட்டிலும் பாசி. மூன்றாவது வீட்டில் "சாயம் போன பச்சை". அன்றிரவு மிகுந்த மகிழ்ச்சியோடு குறிப்பேட்டில் எழுதினேன்: வணிகர் வழங்கும் நிறப்பெயருக்கும் மக்கள் வழக்கிற்கும் பெரும் இடைவெளி உள்ளது; இதை ஓர் இயலாகவே விரிக்கலாம்.

இரண்டு நாள் கழித்து அட்டையை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய்த் துணியின்மேல் வைத்துப் பார்த்தேன். துணி மயில் கழுத்தாகவே இருந்தது. அட்டைதான் பாசியாக இருந்தது. தாராவியில் என்னிடம் பேசியவர்கள் ஒவ்வொருவரும் சரியான சொல்லையே சொல்லியிருந்தனர்.

நேர்ந்தது இதுதான். என் கேமராவில் நிறவெளியை, அதாவது எல்லாரும் கலர் ஸ்பேஸ் என்று சொல்வதை, அடோபி ஆர்ஜிபி என்று அமைத்திருந்தேன்; அகலமானது நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டதன் விளைவு. அச்சிட்ட இடத்தில் இருந்த மென்பொருள் கோப்பில் பொதிந்திருந்த அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாமல், எண்களை எஸ்ஆர்ஜிபி எண்களாகப் படித்தது. எண்கள் ஒன்றுகூட மாறவில்லை. நிறம் மட்டும் மாறிவிட்டது. அவ்வாறு அமைக்கப்பட்ட கேமரா கோப்பின் பெயரை அடிக்கோட்டுடன் தொடங்கி எச்சரிக்கும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அந்தச் சிறு கோட்டை நான் கவனிக்கவில்லை. என் குறிப்பேட்டில் அந்த வாரம் பதிவானது தமிழ் நிறச்சொல் வழக்கு அன்று. ஒரு மென்பொருளின் அமைப்பு.

இதை இங்கே எழுதக் காரணம், நம்மில் பலர் ஓவியம், சுவடி, துணி, கோயில் சுவர், பழைய நாட்காட்டி ஆகியவற்றின் படங்களை ஆய்வுச் சான்றாகப் பயன்படுத்துகிறோம். படத்தில் தெரியும் நிறத்தைப் பற்றி வாதமும் செய்கிறோம். அந்த நிறம் எந்த வெளியில் எழுதப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. என்னையும் எவரும் கேட்கவில்லை.

மும்பையில் வாழும் தமிழர்க்கு இதை விளக்க மராத்தி எழுத்து ஒன்று போதும். 'நல்லது' என்னும் பொருளுடைய மராத்திச் சொல்லை இந்தி மட்டும் அறிந்தவர் 'சாங்க்லா' என்று, நம் 'அச்சம்' என்பதிலுள்ள சகரத்தின் ஒலியோடு தொடங்குவார். மராத்தியர் அதையே 'த்ஸாங்க்லா' என்பார். எழுத்து ஒன்றே. இரண்டு மொழிகளும் அதற்கு வெவ்வேறு ஒலியை அளிக்கின்றன. மராத்திக்குள்ளேயே 'நான்கு' என்ற சொல்லில் அந்த எழுத்து மறுபடி சகரமாகிவிடும். எந்த மொழி என்று தெரியாமல் எழுத்தை மட்டும் பார்த்து ஒலியைச் சொல்ல இயலாது. சிவப்பு 0, பச்சை 255, நீலம் 0 என்ற மூன்று எண்களும் அத்தகைய எழுத்துகளே. 'இந்தக் கருவியால் இயன்ற மிகுதியான பச்சை' என்பதுதான் அவற்றின் பொருள். எந்தக் கருவி என்பதை நிறவெளியின் பெயர் சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்தது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பம்பாயின் அச்சு வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபின் அந்த எண்ணம் நீங்கியது.

1894ஆம் ஆண்டில் ராஜா ரவிவர்மா பம்பாயின் கிர்காவ் பகுதியில் கல்லச்சகம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய ஓவியங்களை விரும்பிக் கேட்போர் பலர். ஒருவரால் அத்தனை பேருக்கும் வரைந்து கொடுக்க இயலாது. ஆகவே சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் படிகள் எடுக்கலாமே என்று பல ஆண்டுகளுக்கு முன்பே யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ். ரவிவர்மா படங்களை அனுப்புவதற்குப் பதிலாக எந்திரத்தையும் ஜெர்மானியத் தொழில்நுட்பரையும் இங்கே வரவழைத்தார். கொள்ளைநோய் பம்பாயை உலுக்கிய ஆண்டுகளுக்குப்பின் அச்சகம் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு இடம் பெயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியரின் கைக்கு மாறியது.

வண்ணக் கல்லச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு கல். தேர்ந்த வரைஞர் ஒருவர் மூல ஓவியத்தைக் கண்ணால் பார்த்து, இந்த முந்தானையில் மஞ்சள் எவ்வளவு, அதன்மேல் ஏறிய சிவப்பு எவ்வளவு, நிழலில் கலந்த நீலம் எவ்வளவு என்று மனத்துக்குள் பிரிக்க வேண்டும். பிரித்ததைக் கல் கல்லாக, கொழுப்பு மையால், இடவலம் மாற்றி வரைய வேண்டும். ஒரு படத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்படுவதுண்டு. ஒரே தாள் ஒவ்வொரு கல்லின்மேலும் ஒரு முறை போய்வரும். மெல்லிய நிறங்கள் முதலில், அழுத்தமானவை பின்னால். ஒரு கல் மயிரிழை விலகினாலும் லட்சுமியின் உதடு கன்னத்தில் போய் உட்காரும்.

இன்று நிறப்பிரிப்பு என்று நாம் மென்பொருளிடம் ஒப்படைக்கும் வேலையை அன்று ஒரு மனிதரின் கண் செய்தது. கண்ணுக்கு எட்டிய எல்லா நிறமும் கல்லுக்கு எட்டாது. அச்சகத்தின் அலமாரியில் இருந்த மைகள், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது தரும் கலவைகள், தாளின் வெண்மை ஆகியவையே எல்லை. அதற்கப்பால் உள்ள நிறத்துக்கு வரைஞர் அருகிலுள்ள ஒன்றைத் தேர்ந்தார். அவ்வச்சகத்தின் நிறவெளி அதுவே. அதற்குப் பெயரில்லை, எவரும் எண்களால் எழுதிவைக்கவும் இல்லை. ஒரே படத்தின் வெவ்வேறு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் புடவையின் சாயலும் வானத்தின் சாயலும் வேறுபடுவதைக் காணலாம். கற்கள் மாறின, மைகள் மாறின, கண் மாறியது. 1972இல் நேர்ந்த தீ விபத்தில் அச்சகம் அழிந்தபோது, அந்தப் பெயரிடப்படாத வெளியை மீட்டெடுக்கும் வழியும் பெருமளவு போய்விட்டது.

ஆகவே 'ரவிவர்மாவின் சிவப்பு' என்று நாம் எழுதும்போது எதைக் குறிக்கிறோம்? எண்ணெய் ஓவியத்தின் சிவப்பையா, வரைஞர் தேர்ந்த கல்லின் சிவப்பையா, நூறாண்டு வெளிச்சத்தில் வெளிறிய மையின் சிவப்பையா, அருங்காட்சியகத்தில் யாரோ கைப்பேசியில் எடுத்த படத்தின் சிவப்பையா? முதல் மூன்றுக்கும் வரலாற்றாசிரியர் விடை தேடுவார். நான்காவதைத்தான் நாம் கேட்பதேயில்லை.

மனிதக் கண்ணிடமிருந்து இந்த வேலையை வாங்கிக்கொள்ளும் முயற்சி அப்போதே நடந்துகொண்டிருந்தது. 1861இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், ஒரே நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று முறை படமெடுக்கச் செய்து, மூன்றையும் திரையில் ஒன்றாக்கிக் காட்டினார். அக்காலப் படத்தகட்டு மருந்துக்குச் சிவப்பொளி புலப்படாது; ஆனாலும் சிவப்பு பதிவானது. நாடாவின் செந்நிறப் பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் எதிரொளித்ததாலும், அந்த வடிகட்டி அதைத் தடுக்காததாலும் இது நேர்ந்தது என்று நூறாண்டு கழித்துத்தான் விளங்கியது. வண்ணப்படம் தன் பயணத்தை ஒரு நற்பேறான பிழையோடு தொடங்கியது. இத்தகைய பிழை ஒன்று மீண்டும் வரும், அதற்கு வருகிறேன்.

மூன்று வடிகட்டி, மூன்று அச்சுத்தகடு என்ற முறை இந்தியாவுக்கு வந்தபோது கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் அதன் கணக்குகளை ஆராய்ந்து ஆங்கில அச்சுத்தொழில் ஆண்டிதழில் எழுதினார். பம்பாயில் அதைத் தேடிச் சென்றவர் ரவிவர்மா அச்சகத்துக்காகக் கல்லச்சுப் பணிகள் செய்த தாதாசாகேப் பால்கே. சொந்த அச்சகம் தொடங்கி, 1909இல் ஜெர்மனிக்குச் சென்று வண்ண அச்சு எந்திரத்தைப் பார்த்துவந்தார். பங்குதாரரோடு ஒத்துப்போகாமல் அச்சுத்தொழிலை விட்டு விலகி, மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில் இருந்துகொண்டு 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிட்டார். மூவண்ணத்தைத் துரத்தியவர் கருப்பு வெள்ளையில் புகழ்பெற்றார் என்பது அச்சு வரலாற்றைப் படிப்போருக்குச் சிறிய வருத்தம்.

சிவகாசியின் கதையை இங்கே விரிக்க இடமில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததும், தீப்பெட்டிக்கு வேண்டிய சிட்டைகளை அச்சிடும் தேவையிலிருந்து வண்ண அச்சு அங்கே வளர்ந்ததும் பலரும் அறிந்தவை. கோவில்பட்டியில் இருந்து கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் அவ்வழியாகவே தமிழ் வீடுகளுக்கு நாட்காட்டிகளாகச் சென்றன. மீனாட்சியின் பச்சை எது என்று இரண்டு தலைமுறைகளுக்குக் கற்பித்ததில் அச்சு மைக்கும் பங்குண்டு என்பது என் துணிபு.

இனி மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிளில் மாலையும் கதம்பமும் வாங்கிக்கொண்டு சற்றுத் தெற்கே நடந்தால் வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகம் வரும். ஐசிடி என்று இன்று அறியப்படும் இது 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கியது. நகரின் துணி ஆலைகளுக்குச் சாயமும் சலவையும் அறிந்த வேதியியலாளர் தேவைப்பட்டனர். 1938இல் அதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியிலும் பின்னர் மான்செஸ்டரிலும் பயின்ற கி. வெங்கடராமன். செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றி அவர் எழுதிய நூலின் முதலிரு தொகுதிகள் 1952இல் வெளிவந்தன. பிற்காலத்தில் எட்டுத் தொகுதிகளாக விரிந்த அந்நூல் உலகெங்கும் சாய வேதியியலின் அடிப்படை நூலாயிற்று. 1957இல் புணேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு முதல் இந்திய இயக்குநராகச் சென்றார். மாட்டுங்காத் தமிழர் வரலாறு என்றால் கோயில்களையும் உணவகங்களையும் சங்கீத சபைகளையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். உலகின் நிறங்களை மூலக்கூறு மூலக்கூறாகத் தொகுத்த ஒருவர் இதே தெருக்களின் அருகில் இருபதாண்டு பணியாற்றினார் என்பது அந்தப் பட்டியலில் வருவதில்லை.

சாயமிடுவோருக்குத் தெரிந்த ஓர் உண்மை நம் விவாதத்துக்கு மிகத் தேவை. இரண்டு வெவ்வேறு சாயங்கள் ஒரு விளக்கின்கீழ் ஒரே நிறமாகத் தெரியும். விளக்கை மாற்றினால் பிரிந்துவிடும். தாதரிலும் மாட்டுங்காவிலும் 'மேட்சிங்' ரவிக்கைத் துணி வாங்கும் பெண்கள், கடைக்காரர் குழல்விளக்கின்கீழ் என்னதான் சத்தியம் செய்தாலும், புடவையையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்க்கிறார்களே, அந்த ஐயம் நூற்றுக்கு நூறு நியாயமானது. நிறம் துணியில் மட்டும் இல்லை; துணி, ஒளி, கண் மூன்றும் கூடிய இடத்தில் இருக்கிறது.

அந்த மூன்றாவதை, கண்ணை, எண்ணாக்கும் வேலை 1931இல் நடந்தது. டேவிட் ரைட் பத்துப் பேரைக் கொண்டும் ஜான் கில்டு ஏழு பேரைக் கொண்டும் இங்கிலாந்தில் தனித்தனியே சோதனை செய்திருந்தனர்: ஒருபுறம் ஒற்றை அலைநீள ஒளி, மறுபுறம் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலவை, இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை கலவையைத் திருத்த வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுள்ள சிறு வட்டம், அவ்வளவே பார்வைப்பரப்பு. இந்தப் பதினேழு பேரின் சராசரியை ஒளியூட்டல் தொடர்பான பன்னாட்டு ஆணையம், சுருக்கமாக சிஐஇ, 'திட்டமான பார்வையாளர்' என்று ஏற்றது. இன்று உங்கள் கைப்பேசி, அச்சு எந்திரம், தொலைக்காட்சி யாவும் நிறத்தை மொழிபெயர்க்கும்போது இடையில் நிற்பவர் இந்தப் பார்வையாளர்தான். பதினேழு பேரா என்று இயற்பியல் மாணவர் ஒருவர் என்னிடம் வியந்தார். மூன்று தகவலாளிகளை வைத்து ஒரு வட்டார வழக்குக்கு இலக்கணம் எழுதும் துறையைச் சேர்ந்தவன் நான். எனக்கு வியப்பு வரவில்லை.

சிஐஇ வகுத்தது மனிதப் பார்வை முழுவதையும் அடக்கும் வரைபடம். கருவிகளின் நிறவெளிகள் அந்த வரைபடத்துள் வரையப்பட்ட முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணத்தின் முனைகளும் அக்கருவியின் சிவப்பு, பச்சை, நீலம். 1993இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கூடி, ஒவ்வொரு கருவியும் தன் முக்கோணத்தின் விவரத்தைக் கோப்போடு அனுப்பும் முறையை வகுத்தன. அந்த விவரக்குறிப்புதான் ஐசிசி புரொஃபைல். 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்மொழிந்து 1999இல் பன்னாட்டுத் தரமான எஸ்ஆர்ஜிபி, அக்காலத்து கண்ணாடிக்குழாய்த் திரைகளால் காட்ட முடிந்ததை ஒட்டி அமைந்தது. குறிப்பு எதுவும் இல்லாத கோப்பை இதுவாகவே கொள்க என்பது இன்றுவரை பொதுவழக்கு.

இப்போது அந்த இரண்டாவது பிழை. 1998இல் ஃபோட்டோஷாப் 5.0 வெளிவந்தபோது, தொலைக்காட்சிக்கான எஸ்எம்பிடிஇ 240எம் என்ற தர ஆவணத்தின் பெயரால் ஒரு நிறவெளி அதில் சேர்க்கப்பட்டது. சேர்த்த எண்கள் அந்தத் தரத்தின் உண்மையான எண்கள் அல்ல என்பதும், ஆவணத்தின் பிற்சேர்க்கையில் இருந்த இலட்சிய மதிப்புகளை எடுத்து, அதையும் படியெடுக்கும்போது பிழை செய்துவிட்டார்கள் என்பதும் பின்னர் வெளிப்பட்டன. அதற்குள் அந்த வெளி அச்சுத்தொழிலாளர்க்குப் பிடித்துப்போயிற்று. திருத்திப் பார்த்ததில் மனநிறைவு இல்லாமல், எண்களை அப்படியே விட்டுப் பெயரை மட்டும் மாற்றினார்கள்: அடோபி ஆர்ஜிபி (1998). ஏடெழுதியவரின் கைப்பிழை வழிவழியாகப் படிக்கப்பட்டு, இறுதியில் பதிப்பாசிரியராலும் தள்ள முடியாத பாடமாக நிலைத்துவிடுவதை நாம் சுவடிகளில் கண்டிருக்கிறோம்.

இந்த இரண்டு முக்கோணங்களையும் அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் என் தோல்வியின் முழு வடிவம் எனக்குத் தெரிந்தது. எஸ்ஆர்ஜிபியின் சிவப்பு முனையும் அடோபி ஆர்ஜிபியின் சிவப்பு முனையும் ஒரே புள்ளி. நீல முனையும் ஒன்றே. வேறுபடுவது பச்சை முனை மட்டும். அதாவது அவை இரண்டும் முரண்படும் இடம், பச்சையிலிருந்து நீலத்தை நோக்கிப் போகும் அந்தப் பரப்பு. நான் தாராவியில் கோடு தேடிய இடமும் அதுவே. செம்மையையும் மஞ்சளையும் ஆராய்ந்திருந்தால் இவ்வளவு பெரிய பிழை நேர்ந்திராது.

தமிழில் அந்தப் பரப்பு எளியதன்று. பச்சை என்பது நிறம் மட்டுமா? பச்சைக் காய்கறி, பச்சைத் தண்ணீர், பச்சை மண், பச்சைப் பிள்ளை, பச்சைப் பொய் எல்லாவற்றிலும் அது பதம் பண்ணப்படாத, கலப்பற்ற நிலையைச் சொல்கிறது. தோலில் பச்சை குத்தினால் தெரியும் நிறத்தை நீலம் என்றுதான் பலர் சொல்லக்கூடும். ஆயினும் அதற்குப் பெயர் பச்சை. திருமாலைப் பச்சை என்றும் நீலம் என்றும் கருமை என்றும் ஒரே மரபு பாடும். நீலம் வடமொழியோடு பகிர்ந்த சொல். இந்த நிலப்பகுதியில் எல்லை வரையும் ஆய்வாளரின் அளவுகோல் இதே இடத்தில் கோணியிருந்தால் என்ன எஞ்சும்?

பெர்லினும் கேயும் 1969இல் வெளியிட்ட நிறச்சொல் ஆய்வு 329 மன்செல் வில்லைகளைக் கொண்டு நடந்தது. அவை சாயம் பூசி அளந்து செய்தவை. கணினி அச்சு அல்ல. எங்கள் உதவித்தொகைக்கு அத்தொகுதி கட்டுப்படியாகாது என்பதால்தான் நான் அச்சிடப் போனேன். பலர் அப்படியே போவார்கள் என்பதால் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த வெளி என்ற கேள்விக்குப் படம் எங்கே போய்ச் சேரும் என்பதிலிருந்துதான் விடை தேட வேண்டும். இணையத்திலும் கைப்பேசியிலும் மட்டும் காட்டப்போகிறீர்கள் என்றால் எஸ்ஆர்ஜிபி போதும். அதைவிட அகலமானதை அனுப்பினால் எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம். அச்சுக்குப் போகும் படத்தில் கதை வேறு. நால்வண்ண ஆஃப்செட் அச்சில் பயன்படும் சயான் மையே எஸ்ஆர்ஜிபி முக்கோணத்துக்கு வெளியே நிற்கிறது. அந்த வெளியில் படத்தைச் சுருக்கிவிட்டால், மை தரக்கூடிய நிறத்தைக்கூட நாம் தாளுக்குத் தராமல் போகிறோம். மயில் கழுத்து, கிளிப்பச்சை போன்றவற்றுக்கு அடோபி ஆர்ஜிபி உதவும். அதனினும் அகலமான புரோஃபோட்டோ என்ற கோடாக் வெளியின் முனைகளில் சில மனிதக் கண்ணே காணாத 'நிறங்கள்'. அதை எட்டு பிட் கோப்பில் வைத்தால் 256 படிகளை மிகப் பெரிய ஏணியில் பரப்பியதாகிவிடும். வானம் வரிவரியாகத் தெரியும். பதினாறு பிட் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். 2016க்குப் பின் வந்த ஐஃபோன் வைத்திருப்போர், தங்கள் கருவி டிஸ்ப்ளே பி3 என்ற இன்னொரு வெளியில் எழுதுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அது திரையரங்கப் படவீழ்த்திகளின் தரத்திலிருந்து வந்தது.

முடிந்தால் ரா கோப்பாக எடுங்கள். அதில் நிறவெளி இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. கேமராவில் எதைத் தேர்ந்தாலும் பிறகு மாற்றலாம். படத்தின் ஓரத்தில் 24 கட்ட நிற அட்டையை ஒருமுறை வைத்து எடுங்கள். கடையிலோ கோயிலிலோ என்ன விளக்கு எரிந்தது என்று எழுதுங்கள். அச்சகத்தாரிடம் அவர்களுடைய எந்திரத்துக்கும் தாளுக்கும் உரிய புரொஃபைலைக் கேளுங்கள். பெரும்பாலும் முதலில் சிரிப்பார்கள். மறுமுறை கேட்டால் தேடித் தருவார்கள். சிஎம்ஒய்கேவுக்கு நீங்களே குருட்டாம்போக்கில் மாற்றிக் கொடுப்பதைவிட, குறிப்புப் பொதிந்த ஆர்ஜிபி கோப்பையும் ஒரு மாதிரி அச்சையும் முன்வைத்துப் பேசுவது நன்று.

எல்லைக்கு வெளியே நிற்கும் நிறத்தை எந்திரம் என்ன செய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வழி, அதை மட்டும் இழுத்து எல்லையில் நிறுத்துவது. தமிழ் நாக்கு 'ஃபைல்' என்பதைப் 'பைல்' ஆக்குவது போல: இல்லாத ஒலிக்கு அருகிலுள்ள ஒலி, மற்ற ஒலிகள் இருந்த இடத்தில். இதன் விலை, முன்பு வேறுபட்டிருந்த இரண்டு ஒன்றாகிவிடும். 'ஃபைல்' வேறு, 'பைல்ஸ்' வேறு என்பது மருத்துவமனையில் நின்றால் விளங்கும். இன்னொரு வழி, எல்லா நிறங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நெருக்கி, அவற்றுக்கிடையே உள்ள உறவைக் காப்பது. புகைப்படத்துக்கு இரண்டாவது பெரும்பாலும் அழகு தரும். நிற அட்டைக்கு அது நஞ்சு. எல்லாமே இடம் பெயர்ந்துவிடும். அட்டைக்கு முதல் வழியைத் தேர்ந்து, எல்லை கடந்தவற்றைத் தொகுதியிலிருந்து நீக்கிவிட்டேன்.

அப்படி நீக்க நேர்ந்தவற்றுள் மயில் கழுத்தும் ஒன்று. இந்த முறை காரணம் முக்கோணம் அன்று. பட்டில் மயில் கழுத்து என்பது பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் இட்டு நெய்வதால் தோன்றுவது. மடிப்பில் நீலம், விரிப்பில் பச்சை, கை அசைந்தால் இரண்டும். அப்பெயர் சுட்டுவது ஒரு புள்ளியை அன்று, ஓர் அசைவை. எவ்வளவு அகலமான நிறவெளியிலும் அதற்கு மூன்று எண்கள் கிடையா. எம்.எஸ். புளூ என்று காஞ்சிபுரத்தார் ஒரு பாடகியின் பெயரால் ஒரு நீலத்தை வழங்குகிறார்கள். கடைக்குக் கடை அது சற்று வேறுபட்டாலும் வாங்குவோர்க்குக் குழப்பமில்லை. நிறச்சொல் என்றால் ஒரு வில்லைக்கு ஒரு பெயர் என்று எடுத்துக்கொண்டு நான் தொடங்கியதே குறை. அட்டைகளுக்கு அப்பால், துணித்துண்டுகளையும் கையில் எடுத்துப் போக வேண்டும் என்று என் முறையியலை மாற்றிக்கொண்டேன். ஆய்வேட்டில் அந்தப் பகுதி இப்போது இரண்டு பக்கத்திலிருந்து பதினொரு பக்கமாகிவிட்டது; நெறியாளருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை.

சென்ற மாதம் அதே சந்துக்கு மீண்டும் போனேன். புதிய அட்டைகள், சில துணித்துண்டுகள். முதல் சுற்றில் பாசி என்று சொன்ன அம்மையார் என்னை அடையாளம் கண்டு, "இன்னும் இது முடியலையாப்பா?" என்று கேட்டார். துண்டை வாங்கினார். வீட்டுக்குள் எரிந்த எல்இடி விளக்கின்கீழ் அதைப் பார்க்கவேயில்லை. எழுந்து, சந்து முனையில் கொஞ்சம் வெயில் விழும் இடம் வரை நடந்து, அங்கே நின்று இருபுறமும் திருப்பிப் பார்த்தார். "மயில் கழுத்து" என்றார். பிறகு அட்டையையும் கேட்டு வாங்கி, அதையும் வெயிலில் திருப்பினார். அது திரும்பவில்லை.